கீபோர்டை மாற்றச் சொல்லாதீர்கள், டிரைவரைச் சரிசெய்யுங்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் லேப்டாப்பின் கீபோர்டு கோளாறு பற்றி நான் அனுப்பிய புகார்களுக்கெல்லாம் ‘உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது’ என்றே பதில் வருகிறது. தீரவில்லை. அலுத்துப்போய்த்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது, 11-க்கு மாறிவிடுங்கள் என்று திரையில் வந்து வந்து நச்சரித்தது உங்கள் அப்டேட் செயலிதான். சரி, மாறினேன். மறுநாள் லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டின் முதல் எழுத்தைத் தொட்டதும் பெட்டி நிறையக் கரும்புள்ளிகள் ஓடின. ஒரே எழுத்தை அழிக்க பேக்ஸ்பேஸைத் தட்டினால் பாதிப் பத்தி போய்விடுகிறது. விரலை எடுத்த பிறகும் ஷிஃப்ட் விடுவதில்லை. நீங்கள் செய்த பொருள், உங்களுக்குத் தெரியாத கோளாறா இது?

விசைகள் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றும் விண்டோஸ் வசதிகளான ஃபில்டர் கீஸ், ஸ்டிக்கி கீஸ் இரண்டையும் அணைத்தேன். டிவைஸ் மேனேஜரில் கீபோர்டை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் வேறு ஆள், அதே கேள்விகள். அதில் ஒருவரை மட்டும் மறக்கவே முடியாது. “விரலைச் சட்டுன்னு எடுங்க சார், அழுத்திப் புடிச்சா அப்படித்தான் வரும்” என்றார். எனக்குப் பிழைப்பே டைப்பிங்தான் என்றேன். “அப்ப உங்களுக்கு இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கணுமே!” பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. தரத்துக்காக அழைப்பைப் பதிவு செய்கிறோம் என்று சொல்கிறீர்களே, அதை எடுத்துக் கேளுங்கள்.

சர்வீஸ் சென்டரில் அரை நாள் காத்திருந்தேன். டெக்னீஷியன் வாங்கியதும் முதல் வேலையாக ரீஸ்டார்ட் செய்தார். ரீஸ்டார்ட் செய்தால் ஒழுங்காகத்தான் வேலை செய்யும்! ஷட்டவுன் செய்து திறந்தால்தான் கோளாறு வரும். விண்டோஸைச் சீக்கிரம் திறக்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருந்தால் ஷட்டவுன் முழு ஷட்டவுன் இல்லை, டிரைவரின் (கீபோர்டை இயக்கும் மென்பொருளின்) பழைய நிலையே சேமிக்கப்பட்டுத் திரும்பி வருகிறது. இதை நான் சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ‘குறை எதுவும் இல்லை’ என்று சீட்டு எழுதித் தந்தார். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துப் பார்த்துவிட்டேன். இப்போது மூடியை மூடி ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் அதே கதை.

பழைய பதிப்புக்கே திரும்பியிருப்பேன். “ரோல்பேக் செய்யாதீங்க, ரெண்டு நாள்ல டிரைவர் வந்துடும்” என்று தடுத்தது உங்கள் ஆட்கள்தான். திரும்பிப்போக விண்டோஸ் தரும் அவகாசம் 10 நாள். அது முடிந்து அந்தப் பொத்தானே மறைந்துவிட்டது. டிரைவர் வந்தபாடில்லை.

இப்போது என்ன சொல்கிறீர்கள்? கீபோர்டையே மாற்ற வேண்டுமாம், வாரண்டி முடிந்துவிட்டதாம், செலவு என்னுடையதாம். விண்டோஸ் ஏறும் முன்பே திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையில் இதே விசைகள் ஒட்டாமல், ஓடாமல் அழகாக வேலை செய்கின்றன. விண்டோஸ் ஏறிய பிறகுதான் ஆட்டம். வெளியிலிருந்து யுஎஸ்பி கீபோர்டைச் செருகினால் அதில் ஒரு எழுத்தும் பிசகுவதில்லை. அப்படியானால் பழுது விசையிலா, உங்கள் டிரைவரிலா?

இதனால் என் தொழிலே படுத்துவிட்டது. வேலை கொடுத்தவர்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். இந்த நஷ்டத்தை யார் தருவது?

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. தயவுசெய்து இந்த மாடலுக்கு விண்டோஸ் 11-இல் ஒழுங்காக ஓடும் டிரைவரைத் தாருங்கள், இல்லையென்றால் உங்கள் செலவில் பழைய பதிப்பை ஏற்றித் தாருங்கள். அப்புறம் கஸ்டமர் கேரில் என்னைக் கேலி செய்த அந்த ஊழியர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரு வாரம் பார்ப்பேன். அதற்குள் முடியாவிட்டால் அந்தச் சீட்டு, கோளாறைக் காட்டும் வீடியோ, மின்னஞ்சல் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பல வருட வாடிக்கையாளர்

பி.கு.: “ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?” என்று மட்டும் பதில் அனுப்ப வேண்டாம்.