சொம்புக்குப் போட்ட குல்லா

குன்னூர்
ஞாயிறு சாயங்காலம்

கயல் கண்ணு,

நீ ஸ்காட்லாந்துக்கு வடக்கே அந்த ஷெட்லாண்ட் தீவுக்குப் போனபோது லெர்விக் ஊரில் வாங்கி அனுப்பிய கம்பளி நூல் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ஸ்வெட்டர் எந்த மட்டில் இருக்கிறது என்று நீ மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் நான் பேச்சை மாற்றினேன். விஷயம் இதுதான். கை பழகட்டுமே என்று முதலில் ஒரு குல்லா போட்டேன், அது யார் தலையிலும் ஏறவில்லை. இப்போது சமையலறைப் பித்தளைச் சொம்பின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் "சொம்புக்குக் குளிருதாம்" என்று உங்கப்பா காட்டிக்கொண்டிருக்கிறார்.

நாற்பது வருஷமாக ஊசி பிடிக்கிற கை, உன் ஸ்கூல் ஸ்வெட்டர் அத்தனையும் போட்ட கை என்ற திமிர்தான், வேறென்ன. ஃபேர் ஐல் என்கிற இந்தப் பல நிறப் பூப் பின்னலில் மொத்தம் எத்தனை நிறம் வந்தாலும் ஒரு சுற்றில் இரண்டே நிறம்தான், அதனால் சுலபம் என்று நினைத்துவிட்டேன். 144 கண்ணி, அங்குலத்துக்கு 8 என்று கணக்குப் போட்டால் 18 அங்குலம் வரவேண்டும். வந்தது 15. அந்த நேரத்துக்கு வேண்டாத நிறம் பின்பக்கமாக ஓடுகிறதே, அந்த நூலை நான் வழக்கம்போல இழுத்து இழுத்துப் பிடித்திருக்கிறேன், துணி சுருக்குப் பை மாதிரி ஆகிவிட்டது. நனைத்து உலர்த்தினால் சரியாகும் என்று வெந்நீரில் ஊறவைத்து, இந்த மூட்டத்தில் அது காய மூன்று நாள் காத்திருந்தேன். கண்ணிகள் அழகாகப் படிந்தன. அளவு மட்டும் அரை அங்குலம்கூட அசையவில்லை.

அப்புறம்தான் புத்தி வந்து, மணிக்கட்டு கனத்துக்கு ஒரு குழாய் போட ஆரம்பித்தேன். பூவுக்கு 64 கண்ணி, கடைசியில் வெட்டிப் பார்ப்பதற்கென்று கூடுதலாக 8. இந்தத் தடவை குழாயின் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டு போட்டேன், பின்னால் ஓடும் நூல் வெளிச்சுற்றாகப் போவதால் தானாகவே கொஞ்சம் தாராளம் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை நிறம் மாற்றும்போதும் வலது ஊசியில் இருக்கிற கண்ணிகளை விரலால் விரித்துவிட்டு அப்புறம்தான் அடுத்த நூலை எடுக்கவேண்டும். ஐந்து கண்ணிக்கு மேல் ஒரே நிறம் ஓடினால் நடுவில் ஒரு இடத்தில் மற்ற நூலோடு மாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் உடுத்தும்போது விரல் சிக்கும்.

வேடிக்கை என்ன தெரியுமா, எந்த நூலை எந்தக் கையில் பிடிக்கிறோம் என்பதும் கணக்காம். நான் மெரூனை இடது கையிலும் சந்தன நிறத்தை வலது கையிலும் பிடித்திருந்தேன். இடது கை நூல் அடியில் ஓடுவதால் அதன் கண்ணி ஒரு மயிரிழை பெரிதாக விழுகிறது, பூ எடுப்பாகத் தெரிகிறது. பால்காரர் மணியடித்தார், எழுந்து போய்விட்டு வந்து கை மாற்றிப் பிடித்துவிட்டேன் போல. ஏழு சுற்று கழித்துப் பார்த்தால் அந்தப் பட்டையில் மட்டும் பூ உள்ளே போய் மங்கிக் கிடக்கிறது. பிரிக்கவில்லை. மாதிரிதானே, இருக்கட்டும்.

படத்தாளில் ஸ்கேலை வைத்து வரி வரியாக நகர்த்தியும் எனக்கு எண்ணிக்கை தப்புகிறது. ஊட்டிப் பக்கம் தோடர் பெண்கள் ஒரு கோடுகூட வரையாமல், துணியின் இழையை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்களே, சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், இப்போதுதான் அது எப்பேர்ப்பட்ட வேலை என்று உறைக்கிறது.

நேற்று மத்தியானம் கத்தரிக்கோலை எடுத்தேன். நல்ல பின்னலை நடுவில் வெட்டுவதாவது என்று உங்கப்பா அடுத்த அறைக்கே போய்விட்டார். ஷெட்லாண்டில் ஸ்வெட்டரை முழுக்கக் குழாயாகப் போட்டுவிட்டு, கை வைக்க, முன்பக்கம் திறக்க, அப்புறம்தான் வெட்டுகிறார்கள். அந்த 8 கண்ணிக்குள் நடுவின் இரண்டு பக்கமும் குரோஷே ஊசியால் ஒரு வரி கட்டிக்கொண்டேன். நடுவே ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல் தெரிகிறது, அதைத்தான் வெட்டவேண்டும். முதல் படியை வெட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் ஓடவில்லை. கடைசிப் படி வரை போனேன், ஓரத்தை நகத்தால் இழுத்தும் பார்த்தேன், அந்த நூலின் சுணை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. இங்கே கடைத்தெருவில் கிடைக்கிற வழவழப்பான அக்ரிலிக்காக இருந்தால் இந்நேரம் அழுதிருப்பேன்.

சரி, இனி உன் வேலை. உனக்குப் பிடித்த ஸ்வெட்டர் ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து அங்குலத்தில் அனுப்பு. உடம்பை அளக்காதே, நீ எப்போதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வாய். மெரூன் இன்னும் நான்கு உருண்டை வேண்டும், 25 கிராம் உருண்டைதான், சீட்டில் இருக்கிற அதே நிற எண் பார்த்து வாங்கு. பச்சை வேண்டாம். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தால் பச்சையும் மெரூனும் ஒரே சாம்பல், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூவே தெரியாது. மிச்சப் பச்சையில் உங்கப்பா காபி ஃபிளாஸ்குக்கு உறை கேட்கிறார்.

அம்மா