பட்டியலில் முதலிடம், இறுதியில் தோல்வி: கிகி இரியாஃபெனுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய கிகி இரியாஃபென் அவர்களுக்கு,

வணக்கம். 2024 மார்ச்சில் லாஸ் வேகாஸிலும் 2025 மார்ச்சில் இண்டியானாபொலிஸிலும் நடந்த, அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் இரண்டு பிளே-ஆஃப் இறுதி ஆட்டங்களைப் பற்றியே இக்கடிதம். கல்லூரி அணிகளின் கூட்டமைப்பான கான்ஃபரன்ஸ் முதலில் லீக் ஆட்டங்களை நடத்தும்; கோப்பைக்கான பிளே-ஆஃப் அதன் பிறகு. முதலாவதில் நீங்கள் ஸ்டான்ஃபோர்டு அணியில் இருந்தீர்கள். எதிரே லாஸ் ஏஞ்சலஸின் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமான யுஎஸ்சி. இரண்டாவதில் நீங்கள் அதே யுஎஸ்சிக்கு மாறியிருந்தீர்கள். எதிரே அதே நகரத்தின் யுசிஎல்ஏ. இரண்டு முறையும் லீக் பட்டியலில் முதலிடத்துடன் வந்தது உங்கள் அணி. இரண்டு முறையும் கோப்பையை எடுத்துச் சென்றது எதிரணி. அணி மாறி, கான்ஃபரன்ஸே மாறிய பிறகும் இந்த ஒன்று மட்டும் உங்களை விடவில்லை.

2023-24தான் பன்னிரண்டு அணிகளுடன் பேக்-12 கூட்டமைப்பு ஆடிய கடைசிப் பருவம். தாரா வான்டர்வீர் பயிற்றுவித்த ஸ்டான்ஃபோர்டு 18 லீக் ஆட்டங்களில் 15 வென்றது. நீங்கள் ஆட்டத்துக்குச் சராசரியாக 19.4 புள்ளிகளும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டுகள் 11ம் எடுத்தீர்கள். இறுதியில் யுஎஸ்சியின் ஜூஜூ வாட்கின்ஸ் எறிந்த 15 பந்துகளில் இரண்டு மட்டுமே கூடைக்குள் விழுந்தன. நாடே பேசிக்கொண்டிருந்த ஒரு வீராங்கனையை இவ்வளவு இறுக்கிக் கட்டிய அணி தோற்கும் என்று யார் நினைத்திருப்பார்? ஆனால் அதே யுஎஸ்சியின் மெக்கென்ஸி ஃபோர்ப்ஸ் 26 புள்ளிகளைக் குவிக்க, ஸ்டான்ஃபோர்டு 61-74 என்று தோற்றது. நீங்கள் முதலாண்டு மாணவியாக இருந்த 2022இல் ஸ்டான்ஃபோர்டு லீக்கையும் கோப்பையையும் சேர்த்தே வென்றதுண்டு என்றாலும், அப்போது அணியின் பாரம் உங்கள் தோளில் இல்லை.

பேக்-12 கலைந்ததும் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென் கூட்டமைப்புக்குப் போயின. பெயரில் பத்து இருந்தாலும் அங்கே 18 அணிகள்; பசிபிக் கரையிலிருந்து நியூஜெர்சி வரை பயணம். பதினாறு எதிரணிகளுடன் தலா ஒருமுறையும் ஒரே ஓர் அணியுடன் இருமுறையும் ஆட வேண்டும் என்ற கணக்கில் உங்களுக்கு இருமுறை வாய்த்தது யுசிஎல்ஏ. அந்த 18 ஆட்டங்களில் யுஎஸ்சி இழந்தது ஒன்றே ஒன்று. அதுவும் அயோவாவின் முன்னாள் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்கைக் கௌரவித்து அவரது 22ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்த பிப்ரவரி 2 அன்று, அயோவாவின் அரங்கில், 69-76 என்று. பதினொரு நாள் கழித்து, அதுவரை 23 ஆட்டங்களில் தோல்வியே காணாத யுசிஎல்ஏவை 71-60 என்று வீழ்த்தினீர்கள். வாட்கின்ஸ் 38 புள்ளிகள் எடுத்ததோடு எதிராளிகளின் எட்டு எறிகளைத் தட்டிவிட்டார். மார்ச் 1 அன்று யுசிஎல்ஏவின் சொந்த அரங்கான பாலி பெவிலியனிலேயே 80-67 என்று மீண்டும் வென்று, 1994க்குப் பிறகு முதன்முறையாக லீக் பட்டத்தை யுஎஸ்சிக்குக் கொண்டுவந்தீர்கள்.

எட்டே நாளில் அந்தக் கணக்கு கலைந்தது. பதினைந்து அணிகள் ஆடும் பிக் டென் பிளே-ஆஃபில் முதல் நான்கு இடக்காரர்களுக்கு முதல் இரண்டு சுற்றுகளிலிருந்து விலக்கு உண்டு, அவ்வளவுதான் சலுகை. அதன்பின் மூன்று நாளில் மூன்று ஆட்டம், தோற்றால் வெளியே. ஐபிஎல்லில்கூடப் பட்டியலில் முதலிரண்டு இடம் பிடித்தவர்களுக்கு ஒருமுறை தோற்றாலும் மறுவாய்ப்பு உண்டு. மார்ச் 9 அன்று யுசிஎல்ஏ 72-67 என்று வென்றது. லாரன் பெட்ஸைப் போன்ற உயரமான சென்டரைக் கொண்ட அணி மூன்றாம் முறையும் தோற்றிருந்தால்தான் வியப்பு. அந்த வெற்றியில் குறை சொல்ல ஏதுமில்லை.

என் குறை அந்த வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட எடையைப் பற்றியது. மூன்று சந்திப்புகளில் இரண்டை வென்றது நீங்கள், லீக்கில் முதலிடமும் நீங்கள். இருந்தும் தேசியப் போட்டிக்கான வரிசையில் யுசிஎல்ஏ முதலாவது, யுஎஸ்சி நான்காவது. நான்காம் இடத்துக்கு உரிய பிரிவில்தான் அவ்வாண்டு தேசியப் பட்டத்தை வெல்லவிருந்த யுகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) காத்திருந்தது. இரண்டு மாத உழைப்பைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை கனமானதாகிவிட்டது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்? ஹார்வர்டு, யேல் போன்ற பல்கலைக்கழகங்களின் ஐவி லீக் இந்த பிளே-ஆஃபே இல்லாமல், பட்டியலின் முதலிடத்துக்கே தேசியப் போட்டி வாய்ப்பைக் கொடுத்து 2017 வரை காலம் தள்ளியது; பிறகு அதுவும் வழிக்கு வந்துவிட்டது. தொலைக்காட்சியும் டிக்கெட் வருவாயும் இருக்கும்வரை பிளே-ஆஃபை யாரும் நிறுத்தப்போவதில்லை. நிறுத்த வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, ஏனென்றால் ஃபோர்ப்ஸுக்கு வாய்த்தது போன்ற ஒரு நாளைப் பட்டியலால் தர முடியாது. பட்டியலின் முதலிடத்துக்கும் அதே அளவு மரியாதை வேண்டும் என்பதே என் வாதம்.

தேசியப் போட்டியில் நடந்த மார்ச் 24 ஆட்டத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிரான முதல் கால் பகுதியிலேயே வாட்கின்ஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து, எழ முடியாமல் தூக்கிச் செல்லப்பட்டபோது சொந்த அரங்கே கொதித்துப்போயிருந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் கூடைக்கு அடியில் இடம் பிடித்து 36 புள்ளிகள் எடுத்தீர்கள், அணி 96-59 என்று வென்றது. அடுத்து கான்சஸ் ஸ்டேட்டையும் தாண்டிய பிறகே, வாட்கின்ஸ் இல்லாத அணி யுகானிடம் 64-78 என்று தோற்றது. லீக் முழுக்க முதலிடத்தில் நின்ற அணியின் உரம் என்னவென்று இண்டியானாபொலிஸைவிட அந்த நாள் தெளிவாகக் காட்டியது என்பேன்.

இப்போது வாஷிங்டன் மிஸ்டிக்ஸில் தொழில்முறை வீராங்கனையாகிவிட்ட உங்களிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். உங்கள் அணிகள் அந்த இரு பருவங்களில் ஆடிய 36 லீக் ஆட்டங்களில் 32 வெற்றிகள். இண்டியானாபொலிஸ் கோப்பை, பாலி பெவிலியனில் கிடைத்த லீக் பட்டம் என்ற இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை எடுப்பீர்கள்? இரண்டாவதை என்று நினைக்கிறேன். ஆனால் ஆடியவர் நீங்கள், உங்கள் விடை வேறாக இருந்தால் அதையும் அறிய ஆவல்.

அன்புடன்,
தமிழில் எழுதும் ஒரு கூடைப்பந்து ரசிகர்