அம்மிணிக்கு ஒரு வாக்குமூலம்

ஹட்டர்ஸ்ஃபீல்டு,
டிசம்பர் 13

அன்புள்ள அம்மிணி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இவருக்கு வரும் மார்ச்சோடு வேலை முடிகிறது. அதற்கப்புறம் என்னை யார் காப்பாற்றுவது என்று தெரியவில்லை. சின்னவள் செப்டம்பரில் லிவர்பூலுக்குப் போய்விட்டாள், கால்நடை மருத்துவம் முதல் வருடம். எனக்கு முழங்கால் வலி. சரி, விசாரிப்பு முடிந்தது.

நீ ஆடியில் எழுதிய கடிதம் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. நாலு தறியையும் எடைக்குப் போட்டுவிட்டோம் என்று ஒரு வரி. அடுத்த வரியில் மாங்காய்த் தொக்கு கெட்டுப்போனது பற்றி ஒன்றரைப் பக்கம். தொக்குக்கு என்னால் பதில் எழுத முடியும். அந்த ஒற்றை வரிக்கு எழுதத் தெரியாமல் நாலு மாதம் ஓடிவிட்டது. இப்போதும் தெரியவில்லை. ஆனால் எழுதியே ஆக வேண்டிய ஒரு காரியத்தைச் செய்துவிட்டேன்.

என் கல்யாணத்துக்கு நீ கொடுத்த சென்னிமலைப் போர்வை, உன் அப்பா கையால் நெய்த ஊதாக் கட்டம் போட்டது, ஞாபகம் இருக்கிறதா? அதைப் போன மாதம் ஒரு குதிரையின் முதுகில் போட்டேன்.

திட்டாதே. முழுசாகப் படி.

பிஸ்கட்டைப் பற்றி முன்னமே எழுதியிருக்கிறேன். சின்னவளின் குதிரை, பன்னிரண்டு வயது, காப் வகை. நாம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பார்த்த வெள்ளைக் குதிரைகளை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவை கல்யாண மாப்பிள்ளை. இது நெல் மூட்டை. அகன்ற மார்பு, கனத்த கழுத்து, கணுக்காலில் பாவாடை மாதிரி தொங்கும் முடி. உயரம் பதினாலு கை, இரண்டு அங்குலம். ஒரு கை என்றால் நாலு அங்குலம். இந்த ஊரில் குதிரையை இன்னும் அப்படித்தான் அளக்கிறார்கள். மகள் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வைத்துவிட்டுப் போனாள். காலையில் என்ன, மாலையில் என்ன, குளம்பு எப்போது சுத்தம் செய்ய வேண்டும், எல்லாம். போர்வை பற்றி மட்டும் இரண்டே வரி: "பழையது கிழிந்துவிட்டது. புதுசு வாங்கணும், ஆறு அடி மூன்று அங்குலம்."

நான் யார்? சின்னச்சாமி கடையில் யூனிஃபார்ம் துணி எடுத்து, அடுத்த வருடத்துக்கும் ஆகும்படி தைக்கச் சொன்ன பரம்பரை. கொஞ்சம் தாராளமாக இருக்கட்டுமே என்று ஆறரை அடி வாங்கினேன். குளிரப் போகிறதே என்று அதிலேயே கனமானதாக, 300 கிராம் பஞ்சு வைத்தது. நூறு பவுண்டுக்கு மேல். மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அம்மா, அவன் இனிமே வளர மாட்டாம்மா" என்றாள்.

போர்வை பெரிசாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். காங்கேயம் காளைக்குத் திமில் இருக்கிற இடத்தில் குதிரைக்கு ஒரு மேட்டு எலும்பு உண்டு. போர்வையின் கழுத்து அந்த மேட்டுக்கு முன்னால், நாலு விரலாவது தள்ளி உட்கார வேண்டும். பெரிய போர்வை நடக்க நடக்கப் பின்னால் சரியும். கழுத்து விளிம்பு மேட்டைத் தாண்டிப் போய் நிற்கும். அப்போது மொத்த பாரமும் அந்த எலும்பிலும் இரண்டு தோள்களிலும் இழுக்கும். குதிரை புல் மேயத் தலையைக் குனிகிற ஒவ்வொரு முறையும் துணி தோளை அறுக்கும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அது குனிந்தே இருக்கிறது என்று யோசித்துப் பார். மூன்றாவது வாரம் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு முடி போய்விட்டது. நான் உண்ணியோ பூச்சியோ என்று நினைத்து மருந்து தேடிக்கொண்டிருந்தேன்!

அப்புறம் அந்த ராத்திரி. நவம்பர் பாதியில், விடிய விடியக் காற்றும் மழையும். காலை ஆறு மணிக்குக் கும்மிருட்டில் டார்ச்சோடு போகிறேன். பிஸ்கட் வயல் நடுவில் சேற்றில் அசையாமல் நிற்கிறான். போர்வை முதுகில் இல்லை. முழுசாகச் சுழன்று வயிற்றுக்கடியில் ஈர மூட்டையாகத் தொங்குகிறது. பின்காலைச் சுற்றிப் போகிற வார் ஒன்று அறுந்திருக்கிறது. முன்கால் ஒன்று போர்வைக்குள் மாட்டியிருக்கிறது. எத்தனை மணியிலிருந்து அப்படி நின்றானோ. வேறு குதிரையாக இருந்தால் மிரண்டு ஓடி வேலியில் விழுந்து காலை முறித்துக்கொண்டிருக்கும். இவன் என்னைப் பார்த்து ஒரு மூச்சு விட்டான், அவ்வளவுதான். அம்மிணி, அந்த மூச்சு இன்னும் காதில் கேட்கிறது.

லாயத்துக்காரப் பாட்டி கத்தியோடு வந்து வாரை அறுத்தார். எழுபது வயதுக்கு மேல். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். உடம்பு நடுங்குகிறது, முதுகெல்லாம் தண்ணீர். "வைக்கோல், மேலே பருத்தித் துணி" என்றார். ஈர முதுகில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டால், வைக்கோலுக்குள் காற்று நின்று சூடு தங்கும், ஈரம் மேலே ஏறித் துணிக்குப் போய்விடும். பழைய காலத்து வைத்தியம், அதற்குச் சாக்குதான் போடுவார்களாம். காரின் பின்சீட்டில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தாறு வருடமாக எந்தக் கடற்கரைக்குப் போனாலும் எங்களோடு வருவது அது.

ஒரு மணி நேரத்தில் முதுகு காய்ந்துவிட்டது. போர்வையின் மேல்பக்கம் பிழிகிற அளவுக்கு ஈரம். உன் அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். இல்லை, முதலில் நூலைத் தடவிப் பார்த்திருப்பார்.

அன்று மத்தியானம் பாட்டி தையல்காரர் டேப்பை எடுத்து எனக்குப் பாடம் நடத்தினார். உனக்குச் சொன்னால் ஒரு தடவையில் புரியும், அதனால் எழுதுகிறேன். மார்பின் நடுவிலிருந்து தோளின் அகன்ற இடத்தைத் தொட்டு, பக்கவாட்டிலேயே போய்ப் புட்டத்தின் கடைசி வரை அளக்க வேண்டும். இங்கே அடி, அங்குலத்தில், மூன்று மூன்று அங்குலமாகப் போர்வை கிடைக்கும். ஐரோப்பாக் கடைகளில் வாங்கினால் மேட்டெலும்பிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை முதுகை மட்டும் அளந்து சென்டிமீட்டரில் சொல்வார்களாம். இரண்டையும் குழப்பினால் போச்சு. ஆனால் நீளம் பொருந்தினால் மட்டும் போதாது. ரவிக்கைக்கு உடம்பளவு சரியாக இருந்து கைக்குழி சரியில்லை என்றால் என்ன ஆகும்? அதேதான். இவனைப் போல மார்பு அகன்ற குதிரைக்கு முன்பக்கம் தாராள வெட்டு வேண்டும், தோளில் டாட் பிடித்திருக்க வேண்டும், கால் முன்னே போகிற இடத்தில் ஒரு முக்கோணத் துண்டு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். வயிற்றுக்கடியில் குறுக்காகப் போகிற வாருக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை நுழைய வேண்டும். அதற்குமேல் தொங்கினால் படுத்து எழும்போது கால் மாட்டிக்கொள்ளும். பின்கால் வார்கள் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் போட வேண்டும். அப்போதுதான் போர்வை நடுவில் நிற்கும், தொடையிலும் உரசாது. நான் கோக்கவே இல்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தது, பக்கம் ஒன்பது.

போட்டுப் பார்த்ததும் ஒரு வாளித் தீவனத்தைத் தரையில் வைத்துக் குதிரையைக் குனியச் சொன்னார் பாட்டி. நின்றுகொண்டு அழகாக இருப்பது பெரிசில்லை, குனியும்போது மார்பில் இழுக்கிறதா என்பதுதான் சோதனை. ஜவுளிக்கடைக் கண்ணாடி முன்னால் நீ என்னைக் கையைத் தூக்கச் சொல்வாயே, அந்த மாதிரி.

அந்தக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். முடி ஒட்டியிருக்கிறதாம். குதிரைப் போர்வையில் பின்னே என்ன ஒட்டும், மல்லிகைப்பூவா?

இனி உன் இலாகா. துணியின் உழைப்பை இங்கே டீனியர் கணக்கில் சொல்கிறார்கள். ஒன்பதாயிரம் மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அது. பட்டுக்கு உன் வாயில் கேட்ட வார்த்தை, குதிரைக்குக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 600 என்றால் சாதுவான குதிரைக்கு, 1200 நடுத்தரம், 1680 என்றால் வேலியில் உரசி, கூட்டாளியின் போர்வையைப் பல்லால் இழுக்கிற ரவுடிகளுக்கு. ஆனால் நம்பர் மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது என்று நீதானே சொல்வாய், பாவும் ஊடையும் எத்தனை நெருக்கம் என்று பார் என்று. இதிலும் அதேதான். சிலவற்றில் சில மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த நூலைக் கட்டம் கட்டமாக ஓட்டியிருப்பார்கள். கிழிந்தாலும் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். மழை உள்ளே வராதபடி துணியின் உள்பக்கத்தில் ஒரு பூச்சு. நம் சோப்புத்தூள் போட்டுத் துவைத்தால் தண்ணீர் வழுக்கி ஓடுகிற குணம் போய்விடும், வெந்நீரும் ஆகாது. நான் செய்திருப்பேன். நல்லவேளை, வீட்டு வாஷிங் மிஷினுக்குள் அது நுழையவே இல்லை.

பெரிய அடி இதற்கப்புறம்தான் விழுந்தது. தோள் புண்ணைப் பார்க்க வந்த மருத்துவர் விலா எலும்பைத் தடவினார், அதாவது தேடினார். "இவனுக்கு இத்தனை கனமான போர்வை எதற்கு?" என்றார். முடி கத்தரிக்காத, கொழுத்த காப் குதிரை. பகல் குறையத் தொடங்கியதும் குளிர்கால முடியைத் தானே வளர்த்துக்கொள்கிறது. அந்த முடி நிமிர்ந்து நின்று நடுவில் காற்றைப் பிடித்து வைக்கும். மேலே கனமாகப் போர்த்தினால் முடி படிந்துபோய் அந்த வசதியும் போய்விடும். காய்ந்த புல் வயிற்றில் புளித்துச் செரிக்கும்போதே உள்ளே அடுப்பு எரிகிற மாதிரி. ஐந்து டிகிரி வரை நல்ல உடம்புள்ள குதிரைக்குப் பெரிய கஷ்டம் கிடையாது. காற்றும் மழையும் சேர்ந்து வந்தால்தான் தொல்லை. அதற்குப் பஞ்சு வைக்காத, மழை மட்டும் தாங்குகிற போர்வை போதும். குளிர்காலத்தில் இந்த மாதிரிக் குதிரைகள் கொஞ்சம் இளைக்கத்தான் வேண்டுமாம். இல்லாவிட்டால் வசந்தத்தில் புதுப்புல் முளைக்கும்போது குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்க முடியாமல் போய்விடும். குளிர்கிறதா என்று பார்க்கக் காதைத் தொட்டுப் பயனில்லை, போர்வைக்குள் முன்னங்காலுக்குப் பின்னால் கையை விட்டுப் பார் என்றார். நான் பத்து டிகிரி ராத்திரிகளில் அவனை வேக வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

போனில் மகளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் ஒரு ஆராய்ச்சி சொன்னாள், 2016இல் நார்வேக்காரர்கள் வெளியிட்டது. 23 குதிரைகளுக்கு மூன்று பலகை காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். படுக்கைக்கோடு போட்டதை மூக்கால் தொட்டால் போர்வை போடு, செங்குத்துக்கோடு என்றால் எடு, ஒன்றும் இல்லாத பலகை என்றால் இருக்கிறபடியே இருக்கட்டும். பதினாலே நாளில் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டன. வெயில் நாளில் எடு என்றும், மழையும் காற்றுமாக இருந்தால் போடு என்றும் சரியாகக் கேட்டிருக்கின்றன. நானும் அட்டையில் கோடு போட்டுக் கொண்டுபோய் பிஸ்கட்டிடம் காட்டினேன். தின்றுவிட்டான்.

இத்தனையும் எழுதும்போதுதான் ஒன்று தோன்றியது. கார்த்திகை பிறந்தால் அம்மா நம் இரண்டு பேருக்கும் குரங்குக் குல்லாய் மாட்டிவிடுவாளே. பஸ் ஸ்டாண்டு வந்ததும் கழற்றிப் பைக்குள் திணிப்போமே. அந்தக் குல்லாயைப் பற்றி நாம் யாருமே அம்மாவிடம் சொன்னதில்லை. செப்டம்பரிலிருந்து நான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனில் இந்த ஊர் வெப்பநிலையைப் பார்க்கிறேன், அம்மிணி. அதோடு லிவர்பூலையும் பார்க்கிறேன்.

இங்கே ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பழைய கம்பளி ஆலைகள் இருக்கின்றன. கோட் துணிக்குப் பேர் போன ஊர் இது. சிலவற்றை வீடுகளாக மாற்றிவிட்டார்கள். ஒரு ஆலையின் முகப்பில் கல்லில் செதுக்கிய பேர் மட்டும் மிச்சம், கீழே காப்பிக் கடை. உன் கடிதம் வந்ததிலிருந்து அந்த வழியாகப் போகும்போது காதை அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பாடம் படித்தபோது கேட்ட தறிச் சத்தம். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. நீயும் தொக்கு பற்றித்தானே எழுதினாய்.

சரி, இப்போது வேலை. ஆறு அடி மூன்று அங்குலத்தில் 1200 டீனியரில் பஞ்சில்லாத போர்வை வாங்கிவிட்டேன். குனிந்தாலும் மார்பில் இழுக்கவில்லை. தோளில் முடி முளைக்கும் வரை உரசாமல் இருக்க, உள்பக்கம் வழுவழுப்பான துணி வைத்துத் தைக்கச் சொல்கிறார் பாட்டி. என் பச்சை நிற ஆர்ட் சில்க் சேலை, உன் தம்பி கல்யாணத்துக்குக் கட்டியது, அதில் முந்தானையை விட்டுவிட்டு மீதியை வெட்டியிருக்கிறேன். வெளித்துணியில் ஊசி இறங்கினால் அந்த ஓட்டை வழியே மழை வந்துவிடும். உள்துணியில் மட்டும் கையால் தைக்க வேண்டும். ஹெம்மிங் போதுமா, இல்லை இரட்டைத் தையல் போடட்டுமா? விளிம்பை உள்ளே மடித்தால் மடிப்பே உரசாதா? படம் வரைந்து அனுப்பு. வாட்ஸப்பில் வேண்டாம், தாளில்.

உன் போர்வையை இரண்டு தடவை துவைத்துவிட்டேன். கட்டம் அப்படியே இருக்கிறது, சாயம் போகவில்லை. குதிரை வாசம்தான் போகவில்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிற மகள் அதைத் தனக்கு வேண்டும் என்கிறாள். கொடுக்கட்டுமா? உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன்.

உன்,
ஒட்டகம்