நாலு நோட்டு

அன்புள்ள கண்ணு,

நீ வேலை தேடுகிற விஷயத்தைப் போனில் பேசினால் "சரிப்பா, பாக்குறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரிக்குத் திரும்புகிறாள். உங்கம்மா கொடுக்கிற பருப்புப்பொடியோடு இதுவும் வரும்.

முதலில் அந்த நாற்பதாயிரம் விஷயம். மூன்று மாதம் பயிற்சி, முடிந்ததும் இரண்டு வருஷ அனுபவச் சான்றிதழ் என்று சொல்கிறவனிடம் கட்டாதே. பணம் இல்லை என்று சொல்லவில்லை, சீட்டு எடுத்தாவது தருவேன். ஆனால் பெரிய கம்பெனிகளில் பி.எஃப். கணக்கைப் பார்த்தே எங்கே எத்தனை மாதம் வேலை பார்த்தாய் என்று கண்டுபிடித்துவிடுகிறார்களாம். அப்புறம் உள்ள பேரும் போய்விடும்.

இரண்டாவது, நாலு மாதம் சம்பளமில்லாமல் ஒரு இடத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்தாயே, அது. கேட்டால் 'வாலண்டியர்' என்றாய். கோயில் அன்னதானத்தில் பாத்திரம் கழுவினால் தொண்டு. ஓட்டல்காரனுக்குச் சும்மா கழுவிக் கொடுத்தால் அதற்குப் பேர் வேறு. அவன் உன் வேலையைக் காட்டிக் காசு வாங்கினான், உனக்கு ஒரு லெட்டர்கூடத் தரவில்லை. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, போகட்டும்.

போன வாரம் சரவணம்பட்டியில் வேலை பார்க்கிற ஒரு தம்பி, எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். அவர் ஆபீஸில் ஆள் எடுக்கிறவராம். விடுவேனா? வார்னிஷ் காய்கிற வரைக்கும் பிடித்துவைத்துக் கேட்டேன். "அண்ணா, வர்ற ரெஸ்யூமே எல்லாத்துலயும் அதே லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் காலேஜ் புராஜெக்ட்தான். பாதி காசு குடுத்து வாங்குனது" என்றார். வேறு என்ன இருந்தால் நின்று பார்ப்பீர்கள் என்றேன். ஓப்பன் சோர்ஸ், அதாவது யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்துத் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிற மென்பொருள் எதிலாவது ஒரு சின்னத் திருத்தம் செய்து, அதை அங்கே இருப்பவர்கள் ஏற்றுக்கொண்டிருந்தால் பார்ப்பேன் என்றார். அதிலும் முதல் தடவையே ஏற்றுக்கொண்டதைவிட, இது சரியில்லை என்று திருப்பி அனுப்பி, மறுபடி திருத்திக் கொடுத்ததைத்தான் உட்கார்ந்து படிப்பாராம். ஆள் எப்படி என்று அதில் தெரிந்துவிடுமாம்.

ஆரம்பத்தில் கோடிங்கையே தொட வேண்டியதில்லையாம். விளக்கத்தில் எழுதியிருக்கிறபடி உன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார், எங்கே இடிக்கிறதோ அதை எழுதிப் போடு. புதியவர்களுக்கென்றே சின்னச் சின்ன வேலைகளுக்கு 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று குறி வைத்திருப்பார்களாமே, உனக்குத் தெரியாமலா இருக்கும். புதியவர்களுக்குக் காசு கொடுத்து ஓப்பன் சோர்ஸில் பழக்குகிற கூகுள் சம்மர் ஆஃப் கோடில்கூட 2022-லிருந்து மாணவராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லையாம். காலேஜ் முடிந்துவிட்டதே என்று நீ விட்டுவிட்டாய், பாரு.

தீபாவளிக்கு வந்தபோது ஒன்று காட்டினாய். 'தமிழ்' என்றால் நமக்கு மூன்று எழுத்து. பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எண்ணச் சொன்னால் அஞ்சு என்கிறது, 'மி'யின் மேல்விலங்கையும் 'ழ்' மேல் இருக்கிற புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது என்றாய். சரியாகப் பிரித்து எண்ண 'ஓப்பன் தமிழ்' என்று சிலர் எழுதி எல்லாருக்கும் விட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாய். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த வெளிச்சம் இந்த எட்டு மாதத்தில் வேறு எதற்கும் வரவில்லை. அங்கேயே ஆரம்பித்தால் என்ன?

இன்னொன்றும் விசாரித்து வைத்தேன். தரமணியில் மத்திய அரசின் அப்ரென்டிஸ் பயிற்சி வாரியம் இருக்கிறது. டிகிரி முடித்தவர்களுக்கு 2019 விதியில் உதவித்தொகை மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதில் பாதியை அரசாங்கமே தருகிறது. ஹாஸ்டலுக்கே சரியாகப் போகும், தெரியும். ஆனால் காசு கொடுத்து வேலை கற்பதைவிட, வாங்கிக்கொண்டு கற்பது மேல். ஒரு எட்டு போய்விட்டு வா.

நான் 1988-ல் கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டப் போனபோது முதல் ஆறு மாதம் புதுக் கம்பியைத் தொட விடவில்லை. எரிந்த காயிலைப் பிரிப்பதுதான் வேலை. "வெட்டுறதுக்கு முன்னாடி எண்ணுடா" என்பார் முதலாளி. எத்தனை சுற்று, கம்பியின் தடிமன் என்ன கேஜ், காயில் உட்காருகிற பள்ளங்களில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது. யாரோ கட்டியதைப் பிரித்துப் பிரித்துத்தான் கட்டக் கற்றேன்.

அன்றிலிருந்து எழுதிய நாலு நோட்டு கடை அலமாரியில் இருப்பது உனக்குத் தெரியும். எந்த மேக், எத்தனை எச்.பி., எத்தனை சுற்று, எல்லாம் அதில் இருக்கிறது. கடைப் பையன்களுக்குக்கூட நான் முழுசாகக் காட்டியதில்லை. அது கையில் இருப்பதால்தான் மற்றவர்கள் திருப்பி அனுப்புகிற மோட்டாரும் நம் கடைக்கு வருகிறது.

முதல் நோட்டை இதோடு அனுப்புகிறேன். எச்.பி.யும் ஸ்லாட்டும் போட்டுத் தேடினால் சுற்றும் கேஜும் வருகிற மாதிரி போனில் ஏதாவது செய்ய முடியுமா பார். செய்தால் எல்லாருக்கும் தெரிகிற மாதிரியே போடு. எதிர்க் கடைக்காரன் பார்த்தால் பார்க்கட்டும். 14-ம் பக்கத்தில் எண்ணெய் கொட்டி அழிந்திருக்கிறது. அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம், கூப்பிடு, சொல்கிறேன்.

அப்பா