அந்தப் புகார் எத்தனை நாள், யார் மேசையில் கிடந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உயர்ந்த பொறுப்பில் இருப்பவர்மீது பாலியல் புகார் வெளியானதும் ‘இவ்வளவு நாள் ஏன் பேசாமல் இருந்தார்கள்?’ என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. பல வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள் எப்போதோ பேசிவிட்டார்கள். பயிற்சியாளரிடம், மேலாளரிடம், பேராயரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது அங்கேயே நின்றுபோயிருக்கிறது. எந்த மேசையில் நின்றது, எத்தனை நாள் நின்றது என்று தேடினால் அந்த அமைப்பில் அதிகாரம் உண்மையில் யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். நம் செய்திகள் அந்தத் தேடலைத் தொடுவதே இல்லை என்ற வருத்தத்தில் இதை எழுதுகிறேன்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவர் லாரி நாசர் விவகாரத்தை நாள்கணக்கோடு பாருங்கள். தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்புக்குப் புகார் வந்தது 2015 ஜூன். அமைப்பு முதலில் தானே ஆள் வைத்து விசாரித்தது. சுமார் ஐந்து வாரம் கழித்தே அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிடம் போனது. எஃப்பிஐயும் அதைக் கிடப்பில் போட்டது. இண்டியானாபொலிஸ் ஸ்டார் நாளிதழ் 2016 செப்டம்பரில் எழுதுவதற்குச் சில நாள் முன்புவரை நாசர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எஃப்பிஐக்குத் தகவல் போன பிறகான அந்த இடைவெளியில் மட்டும் ஏறத்தாழ 70 இளம் வீராங்கனைகளோ அதற்கும் கூடுதலானவர்களோ பாதிக்கப்பட்டதாக வழக்கு ஆவணங்கள் சொல்கின்றன. அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2021 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில் இது இருக்கிறது. ஒரு கோப்பு மேசையில் தூங்கியதற்கு விலை கொடுத்தவர்கள் அந்தக் குழந்தைகள்.

பாஸ்டன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தில் நடந்தது வேறு வழி: இடமாற்றம். ஜான் கேகன் என்ற பாதிரியார்மீது புகார் எழுந்தபோதெல்லாம் வேறு ஊர்த் தேவாலயத்துக்கு அனுப்பப்பட்டார். போன இடத்து மக்களுக்குக் காரணம் தெரியாது. 2002 ஜனவரியில் பாஸ்டன் குளோப் இதை வெளியிட்டபோது, அவர்மீது குற்றம் சாட்டியவர்கள் 130 பேரைத் தாண்டியிருந்தார்கள். அந்த நாளிதழ் கடைப்பிடித்த முறை எந்த நிருபருக்கும் எட்டக்கூடியது. மறைமாவட்டமே ஆண்டுதோறும் அச்சிட்ட கையேடுகளை எடுத்து, எந்தப் பாதிரியார் எந்த ஆண்டு எங்கே இருந்தார், யார் திடீரென ‘மருத்துவ விடுப்பு’ என்று குறிக்கப்பட்டார் என ஒப்பிட்டார்கள். முத்திரையிடப்பட்ட நீதிமன்ற ஆவணங்களைத் திறக்கவும் மனுப் போட்டார்கள். பாஸ்டன் பேராயராக இருந்த கர்தினால் பெர்னார்ட் லா அந்த டிசம்பரில் விலகினார். 2004இல் ரோமாபுரியின் பெரிய பேராலயம் ஒன்றில் அவருக்குப் பொறுப்பு கிடைத்தது.

மூன்றாவது வழி, ஒப்பந்தக் காகிதத்தால் வாயைப் பூட்டுவது. படத்தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் குறைந்தது எட்டுப் பெண்களிடம் பணம் கொடுத்துச் சமரசம் செய்திருந்தார் என்று 2017 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அவருடைய லண்டன் உதவியாளராக இருந்த செல்டா பெர்கின்ஸ் 1998இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் முழுப் பிரதியை வைத்துக்கொள்ளக்கூட அவருக்கு அனுமதி இல்லை. மனநல ஆலோசகரிடம் பேச வேண்டுமென்றால் அந்த ஆலோசகரும் ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்கா 2022 டிசம்பரில் கொண்டுவந்த சட்டம் சம்பவத்துக்கு முன்பே, உதாரணமாக வேலையில் சேரும்போதே, வாங்கப்படும் ரகசியக் கையெழுத்தைத்தான் செல்லாததாக்குகிறது. சம்பவத்துக்குப் பின் பணத்தோடு வாங்கப்படும் கையெழுத்தை அது தொடவில்லை. வைன்ஸ்டீன் வாங்கியது இந்த வகை.

அரசியலில் தண்டனை வேறு இடத்தில் விழுகிறது. பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ 1963 ஜூனில் விலகியது, ஓர் இளம்பெண்ணுடனான உறவு பற்றி நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதற்காக. அமெரிக்க அதிபர் கிளிண்டன்மீது 1998 டிசம்பரில் நிறைவேறிய குற்றச்சாட்டுகளும் பொய்ச்சாட்சியம், நீதிக்கு இடையூறு ஆகியவையே. நாட்டின் அதிபருக்கும் அவருடைய அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த இளம்பெண்ணுக்கும் இடையே சம்மதம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை எந்த அவையும் விசாரிக்கவில்லை. சம்பளமோ மதிப்பெண்ணோ வாய்ப்போ எதிராளியின் கையில் இருக்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல எவ்வளவு செலவாகும் என்பதுதான் அங்கே கேட்கப்பட வேண்டியது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இடைவெளிகளுக்கு நாள் குறித்தது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் (தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம்), 90 நாளில் விசாரணை, அடுத்த 10 நாளில் அறிக்கை, 60 நாளில் நடவடிக்கை. பழுது எங்கே? பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவை நியமிப்பது முதலாளி. குழுத்தலைவியின் பதவி உயர்வை முடிவுசெய்பவரே குற்றம் சாட்டப்பட்டவராகவும் இருக்கலாம். வெளி உறுப்பினர் ஒருவர் இருந்தால் போதும் என்கிறது சட்டம். அந்த ஒருவரையும் நிறுவனம்தான் அழைக்கிறது. புகார் முதலாளிமீதே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம் என்ற வழியும் இருக்கிறது. படித்த ஊழியர்கள்கூட இந்த வழியை அறிந்திருப்பதில்லை. இப்படிப்பட்ட செய்தி வரும் நாளில் பெட்டிச் செய்தியாக அதைப் போட்டால் யாருக்கோ உதவும்.

தங்களிடம் கேட்பது இவைதான். ஒவ்வொரு செய்தியிலும் மூன்று தேதிகள் வரட்டும்: முதன்முதலில் சொன்ன நாள், அமைப்புக்கு வெளியே போன நாள், நடவடிக்கை எடுத்த நாள். முதல் புகாரை வாங்கியவரின் பதவியும் வரட்டும். இந்தக் கணக்கு பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பாதுகாப்பு; தேதிகளைச் சரிபார்க்க முடியும், வதந்தியைச் சரிபார்க்க முடியாது.

வன்கொடுமையை ‘உல்லாசம்’, ‘லீலை’ என்று எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். அந்தச் சொற்கள் குற்றத்தை இருவர் சேர்ந்து அனுபவித்த இன்பமாக மாற்றிவிடுகின்றன. பெயரை மறைத்துவிட்டு அவர் வேலை பார்த்த பிரிவு, சேர்ந்த ஆண்டு, கணவரின் தொழில் என்று எழுதினால் பக்கத்து மேசைக்காரருக்கு அவர் யார் என்பது தெரிந்துவிடும், அதையும் தவிருங்கள்.

பணியிடப் புகார் பதிவானதாக எழுதும் அன்றே, விசாரணைக்கான 90ஆவது நாளைச் செய்தியறை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அன்று அந்த நிறுவனத்தை அழைத்து, விசாரணை முடிந்ததா என்று கேட்டு, கிடைத்த பதிலை அதே பக்கத்தில் அதே அளவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்