சார்லட்டில் பெட்ரோல் தீர்ந்த வாரம்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

சார்லட், வட கரோலினா
20 ஜூன் 2021

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். நீங்களும் அம்மாவும் ஊரடங்கு முழுவதும் தளரும் வரை வெளியே போகாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற மாதம் பேசியபோது, "எண்ணெய் எடுக்கும் நாட்டில் பெட்ரோலுக்கு வரிசை நிற்கிறார்கள் என்றால், ஜனங்கள் பதறிப்போய் வாங்கிக் குவித்திருப்பார்கள், வேறென்ன" என்று சொன்னீர்கள். அதற்குள் பேச்சு தடுப்பூசிப் பக்கம் போய்விட்டது. நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கடைசியில் நடந்தது. அதற்கு முன்னால் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் தீர்ப்பு சற்று மாறும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வட கரோலினாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றுகூடக் கிடையாது. இங்கே எரியும் பெட்ரோலில் பெரும்பகுதி டெக்சாஸ், லூசியானா கடற்கரையிலுள்ள ஆலைகளிலிருந்து நிலத்தடிக் குழாய் வழியாக வருகிறது. அவற்றில் பெரியது கலோனியல் என்ற நிறுவனத்தின் குழாய். ஹூஸ்டனில் தொடங்கி நியூ ஜெர்சி வரை போகும் அந்த அமைப்பின் நீளம் ஏறக்குறைய 8,850 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரை மாநிலங்களின் எரிபொருளில் சுமார் 45 விழுக்காடு அதில்தான் வருகிறது. பெட்ரோல் அதற்குள் மனிதர் நடக்கும் வேகத்தில், அல்லது அதைவிடச் சற்றே விரைவாகத்தான் நகரும். குழாயிலிருந்து இறங்கும் எரிபொருளைச் சேமிக்கும் பெரிய தொட்டிகள் எங்கள் ஊரின் மேற்கே பா க்ரீக் என்ற பகுதியில் இருக்கின்றன. அங்கிருந்து டேங்கர் லாரிகள் பெட்ரோல் பங்குகளுக்கு எடுத்துச் செல்கின்றன.

மே 7, வெள்ளிக்கிழமை விடியற்காலையில், ஐந்து மணிக்குச் சற்று முன், அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் கணினித் திரையில் பணம் கேட்டு மிரட்டும் குறிப்பைப் பார்த்திருக்கிறார். டார்க்சைடு என்ற கொள்ளைக் கூட்டம் கணினிகளுக்குள் புகுந்து, கோப்புகளைத் திருடிக்கொண்டு, மிச்சத்தைப் பூட்டிவிட்டது. ஆறேகால் மணிக்குள் குழாய் முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். பூட்டப்பட்டவை அலுவலகக் கணினிகள்தான் என்றும், குழாயை இயக்கும் அமைப்புக்குத் தொற்று பரவிவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கையில் தாமே நிறுத்தியதாகவும் நிறுவனம் சொல்கிறது. குழாய் மீண்டும் ஓடத் தொடங்கியது மே 12 மாலையில்.

ஐந்தரை நாள்தான் நின்றது. ஆனால் எங்களுக்குத் தொல்லை கொடுத்தது அந்த ஐந்தரை நாள் மட்டும் இல்லை. வார இறுதி வரை ஊர் அமைதியாக இருந்தது. தொட்டிகளில் இருப்பும் இருந்தது. திங்கட்கிழமை ஆளுநர் ராய் கூப்பர் அவசரநிலை அறிவித்தார். லாரிகளுக்கான விதிகளைத் தளர்த்தவும், அநியாய விலை வைப்பவர்கள்மீது நடவடிக்கை எடுக்கவும் அந்த அறிவிப்பு தேவைப்பட்டது. ஆனால் 'அவசரநிலை' என்ற சொல்லைத் தொலைக்காட்சியில் கேட்டவர்கள் நேராகப் பங்குக்குப் போனார்கள். செவ்வாய்க்கிழமை மாலையில் எங்கள் பகுதியில் பெரும்பாலான பம்ப் முனைகளில் பிளாஸ்டிக் உறையை மாட்டிவிட்டார்கள். அந்த வார நடுவில் இம்மாநிலத்துப் பெட்ரோல் பங்குகள் மூன்றில் ஏறத்தாழ இரண்டு வற்றிக் கிடந்தன. நாடு முழுவதும் சராசரி விலை காலனுக்கு 3 டாலரைத் தாண்டியது; 2014-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. நம் கணக்கில் அது லிட்டருக்கு 58 ரூபாய் அளவில்தான் என்பதால் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. இங்கே யாரும் விலையை எண்ணி அழவில்லை, எந்த விலைக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் துயரம்.

உங்கள் மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் அவருடைய காரிலிருந்த பெட்ரோல் எனக்கு உதவியது. மருத்துவமனை ஆய்வகத்தில் எனக்கு இரவுப் பணி. அதே பகுதியில் குடியிருக்கும் சக ஊழியர் ஒருவரும் நானும் ஒரே காரில் போய்வரத் தொடங்கினோம். அவருடைய காரில் ஒரு நாள், என்னுடையதில் ஒரு நாள். கடைக்குப் போவதையும் நண்பர்கள் வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டோம். இந்த ஊரில் ஒரு மின்ரயில் தடம் இருக்கிறது, நன்றாகவும் ஓடுகிறது. ஆனால் அந்த நிலையத்துக்குப் போகவே எங்களுக்குக் கார் வேண்டும். எங்கள் ஆய்வகத்தைத் துப்புரவு செய்யும் அம்மையார் ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் இருக்கிறார், மணிக்கணக்குக் கூலி. அவர் இரண்டு இரவுகள் வரவில்லை. அந்த இரவுகளின் கூலியும் அவருக்கு இல்லை. தட்டுப்பாடு எல்லோரையும் ஒன்றுபோல் தாக்கியது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இப்போது நீங்கள் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். பதற்றம் நிச்சயமாக இருந்தது. பிளாஸ்டிக் பைகளில் பெட்ரோல் நிரப்பாதீர்கள் என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. பதுக்கத் தேவையில்லை என்று எரிசக்தித் துறைச் செயலர் ஜெனிஃபர் கிரான்ஹோம் வேண்டிக்கொண்டார். கேன் கேனாக நிரப்பிப் போனவர்களை நானும் பார்த்தேன். ஆனால் அவர்கள் சிலர். வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் தங்கள் காருக்கு மட்டும்தான் போட்டார்கள். ஒரு சாதாரணக் காரின் டேங்க் 50 லிட்டர் கொள்ளும், சாலையில் ஓடும் கார்கள் எந்த நாளிலும் சராசரியாகப் பாதி டேங்கோடு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இரண்டே நாளில் மீதிப் பாதியை நிரப்ப வந்தால், பல நாட்களில் விற்க வேண்டிய பெட்ரோல் அந்த இரண்டு நாளில் போய்விடும். இதற்குப் பேராசை தேவையில்லை. நாளை வேலைக்குப் போக வேண்டிய ஒருவர் இன்றே டேங்கை நிரப்பிக்கொள்வது அவரளவில் நியாயமானது. ஒவ்வொருவரும் நியாயமாக நடந்தாலும் மொத்தமாகப் பங்கு வற்றிவிடும்படி ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, பழியை வரிசையில் நின்றவர்மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பங்கை மறுபடி நிரப்பவும் ஆள் இல்லை. ஒரு டேங்கர் லாரி ஒரு நடைக்கு 8,000 காலனுக்கு மேல், அதாவது சுமார் 30,000 லிட்டர் கொண்டுவரும். எரிபொருள் ஏற்றிச் செல்லத் தனி உரிமம் வேண்டும். பெருந்தொற்றில் விற்பனை விழுந்தபோது ஓட்டுநர்கள் பலர் அந்தத் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். இந்தக் குழாய் நிற்பதற்கு முன்பே, ஏப்ரலிலேயே, ஓட்டுநர் இல்லாமல் ஐந்தில் ஒன்று முதல் நாலில் ஒன்று வரை டேங்கர் லாரிகள் நிற்கின்றன என்று லாரி உரிமையாளர் சங்கம் சொல்லியிருந்தது. 17 மாநிலங்களில் ஓட்டுநரின் பணிநேர வரம்பை மத்திய அரசு தளர்த்தியது. ஆனால் அந்த உத்தரவால் புதிய ஓட்டுநர்கள் உண்டாகிவிட மாட்டார்கள் அல்லவா?

நண்பர்கள் கூடினால் இன்னும் இதே வாக்குவாதம்தான். புதிய அதிபர் பைடன் கீஸ்டோன் எக்ஸ்எல் குழாயை ரத்து செய்ததால் வந்த வினை என்கிறார் ஒருவர். அது கட்டி முடிக்கப்படாத குழாய்; கனடாவிலிருந்து கச்சா எண்ணெயை நெப்ராஸ்காவுக்குக் கொண்டுவருவதற்காகத் திட்டமிடப்பட்டது. சுத்திகரித்த பெட்ரோல் சார்லட்டுக்கு வராமல் போனதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கப்பலில் கொண்டுவந்திருக்கலாமே என்கிறார் இன்னொருவர். உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்ற இந்நாட்டில் கட்டிய, இந்நாட்டு மாலுமிகள் ஓட்டும் கப்பல்தான் வேண்டும் என்ற 1920-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தடை. தற்காலிக விலக்குகள் கொடுத்தார்கள், ஆனால் கப்பல் வந்து சேரும் முன்பே குழாய் ஓடத் தொடங்கிவிட்டது.

நிறுவனத்தைக் குற்றம் சொல்பவர்களோடு நான் சேர்ந்துகொள்கிறேன். அதன் தலைவர் ஜோசப் பிளவுண்ட் இம்மாதம் 8-ஆம் தேதி செனட் குழு முன் சாட்சியம் அளித்தார். பயன்பாட்டில் இருக்கவே கூடாத வெளியிலிருந்து நிறுவனக் கணினிகளுக்குள் நுழைய உதவும் ஒரு பழைய கணக்கின் வழியாகத்தான் கொள்ளையர் நுழைந்தார்களாம். அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல் மட்டுமே காவல்; உங்கள் வங்கிக் கணக்குக்கு வருமே ஓடிபி, அப்படியொரு இரண்டாவது சோதனைகூட அதற்கு இல்லை. உங்கள் ஓய்வூதியக் கணக்குக்கு இருக்கும் பாதுகாப்பு பாதிக் கடற்கரைக்கு எரிபொருள் தரும் நிறுவனத்துக்கு இல்லை என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்கவில்லை. 75 பிட்காயின், அதாவது சுமார் 44 லட்சம் டாலர் கப்பம் கட்டினார்கள். அதில் 63.7 பிட்காயினை நீதித்துறை மீட்டுவிட்டது என்பது ஒரு நல்ல செய்தி.

அரசுக்கும் இதில் பங்குண்டு. விமான நிலையத்தில் நம்மைச் சோதனை செய்யும் அதே முகமைதான் எரிபொருள் குழாய்களின் பாதுகாப்புக்கும் பொறுப்பு. இதுவரை அது கணினிப் பாதுகாப்பில் எதையும் கட்டாயமாக்கவில்லை, பரிந்துரையோடு நின்றது. இந்தத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, மே மாதக் கடைசியில்தான், தாக்குதல் நடந்தால் 12 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று முதல் கட்டாய உத்தரவு வந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது இளைஞராக வரிசையில் நின்றிருக்கிறார். 2008 செப்டம்பரில் குஸ்தாவ், ஐக் புயல்கள் ஆலைகளை மூடியபோதும், 2016-இல் அலபாமாவில் இதே குழாய் கசிந்தபோதும் சார்லட்டில் பங்குகள் வற்றின என்றார். சென்ற ஆகஸ்டில் எங்கள் ஊருக்குச் சற்று வடக்கே ஹண்டர்ஸ்வில்லில் இந்தக் குழாயிலிருந்து பெட்ரோல் நிலத்தில் கசிந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் வண்டி ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போன இரண்டு சிறுவர்கள். புயல், கசிவு, கணினிக் கொள்ளை என்று காரணம் மாறிக்கொண்டே இருக்கிறது, முடிவு மாறவில்லை. பிளாண்டேஷன் என்று இன்னொரு குழாய் இருந்தாலும் அது சிறியது, முதலாவது நின்றால் அதன் இடத்தை நிரப்பாது. ஆகவே அப்பா, ஒரே குழாயை நம்பி, மாற்று வழியோ போதிய இருப்போ வைக்காமல் இத்தனை மாநிலங்களை நடத்துவதுதான் முதல் காரணம் என்பது என் முடிவு. கொள்ளையரும் பதற்றமும் அதற்குப் பிறகுதான்.

ஏன் அளந்து கொடுக்கவில்லை என்று கேட்டீர்கள். நியாய விலைக் கடையில் இத்தனை வருடம் எடை போட்ட உங்களுக்கு அது முதலில் தோன்றியதில் வியப்பில்லை. 2012-இல் சாண்டி புயலுக்குப் பிறகு நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் பெட்ரோல் போட்டார்கள். இங்கே இம்முறை அப்படி எந்த உத்தரவும் இல்லை. சில பங்குக்காரர்கள் தாமாகவே வண்டிக்கு இவ்வளவுதான் என்று எழுதி ஒட்டினார்கள். நான் பெட்ரோல் போட்டது அப்படி ஒரு பங்கில்தான், அங்கே வரிசையும் சீக்கிரம் நகர்ந்தது. திங்கட்கிழமையே அதை மாநிலம் முழுவதும் செய்திருந்தால் ஆய்வகத்து அம்மையாருக்கு அந்த இரண்டு இரவுக் கூலி போயிருக்காது என்று நான் நினைக்கிறேன். உங்கள் மாப்பிள்ளை இதை ஒப்புக்கொள்வதில்லை. அளவு வைத்தால் மக்கள் இன்னும் பயப்படுவார்கள், ஒரே ஆள் நாலு பங்கு ஏறி இறங்குவார் என்கிறார்.

இதில் உங்கள் அனுபவம் எங்களுக்கு வேண்டும். மண்ணெண்ணெய் லோடு வரத் தாமதமான மாதங்களில் அட்டைக்குரிய அளவை நீங்கள் எப்போது குறைத்தீர்கள்? இருப்பு எவ்வளவு இறங்கியபோது? குறைத்ததைப் பலகையில் எழுதிப்போட்டதும் கூட்டம் கூடியதா, குறைந்ததா? விவரமாக எழுதுங்கள். தட்டுப்பாடு இப்போது இல்லை, பம்புகள் ஓடுகின்றன. காரில் பாதிக்குக் கீழே இறங்க நான் விடுவதில்லை.

அம்மாவுக்கு என் அன்பு.

தங்கள் அன்பு மகள்