டீக்கடையில் கிடைத்த விடை

சென்னையின் பொறியியல் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இரும்பு கடையும் மூன்று சி.என்.சி. மெஷினும் பதினோரு ஆட்களும் வைத்துப் பட்டறை நடத்துகிறேன். போன வருடம் ஒரு லோடு ஹை டென்சைல் போல்ட், அதாவது அதிக இழுப்பைத் தாங்கும் போல்ட் செய்து, வெளியே துத்தநாகப் பிளேட்டிங் போட்டு அனுப்பினோம். முறுக்கி மாட்டிய மறுநாள் பல போல்ட்டுகளின் தலை தானாகக் கழன்று விழுந்திருக்கிறது. லோடு முழுக்கத் திரும்பி வந்தது.

காரணம் தெரியாமல் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். கேட்டிலேயே "லெட்டர் இருக்கா?" என்றார்கள். கொடுத்தேன். துறைத்தலைவர், டீன், பதிவாளர் என்று அந்தக் கடிதம் ஊர்வலம் போனது. ஆறு வாரம் கழித்து வந்த பதில்: மெஷினுக்கு ஏ.எம்.சி., அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், முடிந்துவிட்டது.

அன்றைக்கே எதிர்த்த டீக்கடையில் அதே கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் உடைந்த போல்ட்டை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிளேட்டிங் முடிச்சதும் பேக்கிங் பண்ணீங்களா, அதாவது அடுப்பில் வச்சு சூடு பண்ணீங்களா?" என்றார். இல்லை. அமிலத்தில் கழுவும்போதும் பிளேட்டிங் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடுமாம். உறுதி கூடிய எஃகு என்றால் அதனாலேயே நொறுங்கும். சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி வாக்கில் அடுப்பில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். பத்து நிமிடப் பேச்சு. டீக்காசையும் அவரே கொடுத்தார். கஸ்டமர்தான் அதற்குள் வேறு ஆளிடம் போய்விட்டார்.

"இதை எல்லாப் பட்டறைக்கும் சொல்லலாமே சார்" என்றேன். சிரித்தார். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுவார்கள். அம்பத்தூரில் போல்ட் உடையாமல் இருந்ததற்கு மார்க் கிடையாது.

கல்லூரியும் ஆய்வகமும் தொழிலுக்கு உதவுவது இந்த ஊரில் புதிதும் இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேண்டியிருந்தது. 1948இல் அடையாற்றில் சி.எல்.ஆர்.ஐ. என்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தபின், அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா காலத்தில் விஞ்ஞானிகள் தோல் பதனிடும் இடங்களுக்கே இறங்கிப் போனார்கள். நாற்றத்துக்கு அவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

2010இல் தொடங்கிய ஐ.ஐ.டி. மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கில் ஒரு நல்ல விதி உண்டு. வாடகை கட்டினால் மட்டும் போதாது. மாணவர்களுக்கு வேலை, பேராசிரியர்களோடு ஆய்வு என்று அங்கே இருக்கும் நிறுவனங்கள் கிரெடிட், அதாவது புள்ளி, சேர்க்க வேண்டும். அதே ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் என்ற ராக்கெட் கம்பெனி, 3டி பிரிண்ட் செய்த என்ஜினோடு 2024 மே 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது. எனக்கும் பெருமைதான். ஆனால் ராக்கெட்டுக்குத் திறந்த கதவு போல்ட்டுக்குத் திறக்கவில்லை.

ஸ்டான்ஃபோர்ட் 1951இல் தன் நிலத்தில் தொழிற்பூங்கா தொடங்கிய கதையைக் கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். அக்கம்பக்கத்துக் கம்பெனி என்ஜினியர்களை வேலையில் இருந்தபடியே மேல்படிப்புக்கு அங்கே சேர்த்துக்கொண்டதை மட்டும் யாரும் சொல்வதில்லை. என்னிடம் டிப்ளமோ முடித்த பையன் ஒருவன் இருக்கிறான், மெஷின் சத்தத்தை வைத்தே வெட்டும் டூல் தேய்ந்ததைச் சொல்வான். உலோகவியல் வகுப்பில் ஒரு செமஸ்டர் மாலை நேரத்தில் அவன் உட்கார உங்கள் விதியில் இடம் இருக்கிறதா?

கட்டிடம் கேட்கவில்லை. எந்தச் சோதனைக்கு எவ்வளவு, எத்தனை நாளில் ரிப்போர்ட் என்று கல்லூரி கேட்டுக்கு வெளியே ஒரு போர்டு, பதில் சொல்ல ஒரு ஆள். எங்கள் சிக்கலைத் தீர்த்த பேராசிரியருக்குப் பதவி உயர்வில் ஒரு கட்டுரைக்கு உண்டான மதிப்பு. அப்புறம் இறுதியாண்டு புராஜெக்ட். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கும் பிள்ளைகளை எனக்கே தெரியும். அந்தக் காசு மிச்சமாகட்டும், எங்களிடம் அனுப்புங்கள். உடைந்த போல்ட் இன்னும் ஒரு சாக்கு நிறைய இருக்கிறது.

முதலில் நான்கு பேர் வந்தால் போதும், சனிக்கிழமை காலை ஷிஃப்டுக்கு. செருப்போடு வர வேண்டாம், ஷூ போட்டு வரச் சொல்லி அனுப்புங்கள். கீழே இரும்புச் சுருள் கிடக்கும்.

இப்படிக்கு,
அம்பத்தூர் பட்டறைக்காரன் ஒருவன்